மச்சான் பிடிக்கிற கயிறு

என் வீட்டுக்காரர் டவரில் ஏறும் நாளில் என்னிடம் யாரும் துணி தைக்கக் கொடுக்காமல் இருப்பது நல்லது. கை ஒரு பக்கம் போகும், தையல் ஒரு பக்கம் போகும். கழுத்துக்கு வெட்டியதைக் கையில் வைத்துத் தைத்துவிட்டு, மறுநாள் முழுக்கப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தெரேஸ்புரத்தில் எங்கள் தெருப் பெண்களுக்கு இது தெரியும். ரவிக்கைத் துணியை நீட்டும் முன்பே, ஆன்றோ அண்ணன் இன்றைக்கு மேலேயா கீழேயா என்று விசாரிப்பார்கள். மேலே என்றால் துணியை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பிப் போய்விடுவார்கள்.

ஆன்றோ முதலில் கீழே போகிற ஆளாகத்தான் இருந்தார். எனக்குக் கட்டிக்கொடுத்தபோது அவர் சங்கு குளிக்கிறவர். வள்ளத்தில் போய், இடுப்பில் கயிறும் வாயில் காற்றுக்குழாயுமாகக் கடலடியில் இறங்கி, மணலைத் துழாவிச் சங்கு பொறுக்குகிற வேலை. பேச்சு குறைவு. கோபம் வந்தால் மூச்சை அடக்கிக்கொள்வார். மற்றவள் புருஷன் என்றால் கத்துவான், தட்டைத் தூக்கி எறிவான், நாமும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசலாம். இவர் மூச்சுவிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நான் குசினிக்குப் போய் உலையைப் பார்த்துவிட்டு வந்தாலும் அப்படியேதான் நிற்பார். அவரிடம் யார் சண்டை போட முடியும், சொல்லுங்கள்.

சங்கு குளிக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இறங்குகிறவனின் கயிற்றை வள்ளத்தில் இருந்து பிடிப்பவன் அவனுடைய மச்சானாக இருக்க வேண்டும். பெண்டாட்டியின் உடன்பிறந்தவன். அண்ணன் தம்பி என்றால் சொத்துச் சண்டை இருக்கலாம், சிநேகிதன் என்றால் மனசு மாறலாம். கூடப் பிறந்தவள் தாலியறுத்து நிற்பதைப் பார்க்க எவனுக்கும் பொறுக்காது. அதனால் கயிறு மச்சான் கையில். பெண்டாட்டி கையில் மட்டும் கொடுக்கவே கூடாதாம். அவள் பயத்தில் சும்மா சும்மா இழுத்துவிடுவாளாம், தொழில் நடக்காதாம். இதைச் சொல்லி என் கல்யாணத்தன்றே வள்ளத்துக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் என் தம்பி அமலன்தான் கயிறு பிடிக்கப் போகிறான் என்றதும் நிம்மதியாகத்தான் இருந்தது.

அடையாளங்கள் சுலபமானவை. லேசாக ஒரு சுண்டு சுண்டினால் 'இருக்கிறேன்' என்று அர்த்தம். மேலே இருப்பவனும் பதிலுக்கு ஒரு சுண்டு சுண்ட வேண்டும். கயிற்றை அழுத்தி ஒரே இழுப்பாக இழுத்தால் 'தூக்கு' என்று அர்த்தம். அதற்குப் பிறகு யோசிக்கக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது, உயிரைக் கொடுத்து இழுக்க வேண்டும். ஒருமுறை காற்றுக்குழாய் மடங்கி இவர் அடியில் மாட்டிக்கொண்டபோது அமலன் இழுத்த இழுப்பில் அவன் உள்ளங்கைத் தோல் உரிந்து கயிற்றோடு போய்விட்டது. வள்ளத்துக்கு வந்து விழுந்த இவர் நீரைக் கக்கிவிட்டு, அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். என்னிடம் சொன்னவன் அமலன். இவர் இன்றுவரை சொன்னதில்லை.

அப்புறம் காது போயிற்று. இடது காதின் ஜவ்வு கிழிந்து, இனி கடலுக்குள் இறங்கினால் தலைசுற்றி அங்கேயே கிடக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவர் கொஞ்சநாள் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அந்தச் சமயத்தில்தான் கடற்கரை ஊர்களில் புதிது புதிதாக செல்போன் டவர் போட ஆரம்பித்திருந்தார்கள். மேலே ஏறி ஆன்டெனா மாட்ட ஆள் கிடைக்கவில்லை. உயரத்தைக் கண்டு பயப்படாத ஆள் வேண்டும் என்று கான்ட்ராக்டர் தேடிக்கொண்டிருந்தார். ஆழத்தைக் கண்டு பயப்படாதவனுக்கு உயரம் என்ன செய்யும் என்று போய் நின்றுவிட்டார் இந்த மனுஷன். அந்த டாக்டர் தலைசுற்றும் என்று சொன்னது தண்ணீருக்கு மட்டும்தானா, டவருக்கும் சேர்த்தா என்று நான் கேட்டேன். மூச்சை அடக்கிக்கொண்டார்.

ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். என் மச்சான் கீழே நின்றால்தான் ஏறுவேன் என்றார். பெல்ட் இருக்கிறது, கொக்கி இருக்கிறது, பாரம் ஏற்றக் கப்பியும் கயிறும் இருக்கிறது, இன்னும் என்னவென்று கேட்டிருக்கிறார்கள். இவர் இடுப்பிலிருந்து ஒரு மெல்லிய நைலான் கயிற்றைக் கீழே தொங்கவிட்டு, அதன் நுனியை அமலன் கையில் கொடுத்துவிட்டார். மேலே காற்றின் இரைச்சலில் சத்தம் போட்டால் கேட்காது, இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது போனை எடுக்க முடியாது, கயிற்றைச் சுண்டினால் போதும் என்று காரணம் சொன்னார். சூப்பர்வைசரும் சரி என்றார். அமலனுக்கும் சேர்த்துச் சம்பளம் வந்தது. கடலில் இருந்த அதே அடையாளங்களை அப்படியே டவருக்குக் கொண்டுவந்தார்கள். 'தூக்கு' என்ற அடையாளத்துக்கு டவரில் அர்த்தமே இல்லை என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. டவருக்கு உயிர் வந்ததும், மேலே இருந்தபடியே முதல் போனை எனக்குத்தான் போடுவார். "விஜிலா, கேக்குதா?" என்பார். கேட்காத காது அவருடையது, கேள்வி எனக்கு. "கேக்குது" என்பேன். அவ்வளவுதான், வைத்துவிடுவார். வேம்பாரானாலும் மணப்பாடானாலும் புதுக்கோட்டை ரோட்டானாலும் அந்தச் சிக்னலில் போகும் முதல் பேச்சு எங்களுடையது என்று அவருக்கு ஒரு நினைப்பு. அந்தப் போன் வந்த பிறகுதான் என் தையல் நேராகும்.

எல்லாவற்றையும் மாப்பிள்ளையூரணிப் பக்கம் ஒரு குளவிக்கூடு கெடுத்தது. பழைய டவரில் புது ஆன்டெனா மாட்ட ஏறியிருந்தார். கம்பிக்குப் பின்னால் கூடு இருந்ததைப் பார்க்கவில்லை. குளவி முகத்தில் கொட்டியதும் உடம்பு துள்ளியிருக்கிறது, கயிறு கீழே வெடுக்கென்று இழுபட்டிருக்கிறது. அமலன் கைக்கு அது 'தூக்கு'. அவன் யோசிக்கவில்லை. யோசிக்கக் கூடாது என்றுதானே பழகியிருக்கிறான். உயிரைக் கொடுத்து இழுத்துவிட்டான்.

கடலில் இழுத்தால் ஆள் மேலே வருவான். டவரில் இழுத்தால் கீழேதானே வருவான்! இவருடைய கால் பிசகி, பெல்ட்டின் கொக்கியில் அந்தரத்தில் தொங்கி, இடுப்பு இரும்பில் மோதியிருக்கிறது. எப்படியோ பிடித்து இறங்கி வந்தார். இறங்கி வந்தவர் இந்த ஒரு தடவையாவது மூச்சை அடக்கியிருக்கக் கூடாதா? அத்தனை வேலைக்காரர்கள் முன்னால் அமலனைப் பார்த்து, "ஒங்க அக்கா தாலிய நீயே அறுக்கப் பாக்கியாலே?" என்று கேட்டுவிட்டார்.

கயிறு பிடிக்கிற மச்சானிடம் கேட்கக் கூடாத ஒரே வார்த்தை அதுதான். அமலன் கயிற்றைக் கீழே போட்டுவிட்டுப் போனவன், மீன்பிடித் துறைமுகத்தில் மீனுக்கு ஐஸ் அடிக்கிற வேலைக்குச் சேர்ந்துவிட்டான். எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஈஸ்டருக்குக்கூட வரவில்லை. அவனுக்கென்று எடுத்து வைத்த கறியை நானே மறுநாள் சூடாக்கித் தின்றேன்.

நடுவில் நான் ஒருத்தி. இவரிடம் கேட்டால் அவன் வரட்டும் என்பார். அவனிடம் கேட்டால் அத்தான் கூப்பிடட்டும் என்பான். ஊருக்கெல்லாம் சிக்னல் கொடுக்கிற மனுஷனுக்கு மச்சான் நம்பரை அமுக்க ஒரு விரல் வரவில்லை. அமலன் போன பிறகு அவர் கயிறு கட்டுவதையும் விட்டுவிட்டார். ஆணியில் சுருட்டி மாட்டியிருந்த அந்த நைலான் கயிற்றைத் தினமும் தூசி தட்டுவது என் வேலையாயிற்று. வேறு ஆளைப் பிடிக்கச் சொல்லுங்கள் என்றால், பெல்ட் போதும் என்பார். தூக்கத்தில் மட்டும் என் சேலை நுனியைப் பிடித்துச் சுண்டுவார். நானும் திரும்பச் சுண்டுவேன். அதற்குப் பிறகுதான் குறட்டை வரும்.

புன்னைக்காயல் டவருக்குக் கிளம்பிய அன்று காலையில், அவர் போன பிறகு பார்க்கிறேன், ஆணியில் கயிறு இல்லை. எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். யார் பிடிக்கப் போகிறார்கள்? ஆனி மாதத்துக் கச்சான் காற்று வேறு முற்றத்துக் கொடியில் கிடந்த துணியையெல்லாம் சுருட்டிக்கொண்டிருந்தது. இந்தக் காற்றில் எவனாவது ஏறுவானா? போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று போனுக்குள் பேசுகிற அந்தப் பெண் சொன்னாள். மறுபடி போட்டேன். அதே பெண், அதே குரல், கொஞ்சமும் பதற்றம் இல்லை. டவர் இல்லாத ஊருக்கு டவர் போடப் போனவரிடம் டவர் இருக்காதுதான். அது புத்திக்குத் தெரிகிறது, வயிற்றுக்குத் தெரியவில்லையே. உனக்கெல்லாம் புருஷன் இருந்தால் தெரியும் என்று அவளைத் திட்டிவிட்டு மிஷினை மூடினேன்.

முதலில் துறைமுகத்துக்குப் போனேன். அமலன் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே நின்றான். கயிற்றை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார், காற்றைப் பார்த்தாயா, வா போவோம் என்றேன். அவன் காற்றைப் பார்த்தான், தன் உள்ளங்கையைப் பார்த்தான்.

"அத்தன பேரு முன்னால சொன்னாவல்லா. அவியளே கூப்பிடட்டும், வாரேன்" என்றான்.

உங்கள் இரண்டு பேர் ரோஷத்தையும் உப்புப் போட்டு ஊறவைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நான் உட்காரவில்லை. பழையகாயல் தாண்டும்வரை போனில் சிக்னல் கோடுகள் இருந்தன. ஆத்தூரில் ஏறி இறங்கின. புன்னைக்காயல் ரோட்டில் திரும்பி கொஞ்சதூரம் போனதும் ஒன்றுமே இல்லை. அந்த வெறும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு, அவரைப் பார்த்ததும் என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசையாக மனப்பாடம் செய்துகொண்டே போனேன்.

ஊருக்கு வெளியே மணல் திட்டில் டவர் நின்றது. உச்சியில் மஞ்சள் தொப்பியோடு அவர். காற்றில் சட்டை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கீழே ஊர்ப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் போனை வைத்துக்கொண்டு நின்றார்கள். பாதிப்பேருடைய புருஷன்மார் கப்பலில் இருக்கிறார்கள். அவர்களிடம் பேச ஆற்றுமுகத்துவாரம் வரை நடந்து போய்க் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது, இன்றோடு அந்தப் பாடு தீர்ந்தது என்று டெல்பின் என்பவள் என்னிடம் சந்தோஷமாகச் சொன்னாள். மேலே நிற்கிறவர் யார் என்று அவளுக்குத் தெரியாது. அந்த அண்ணன் நல்லா இருக்கணும் என்றாள். எனக்கு அழுகை முட்டியது.

அப்போதுதான் கயிற்றைப் பார்த்தேன். அவர் இடுப்பிலிருந்து இறங்கிக் காற்றில் வில்லாக வளைந்து வந்த கயிற்றின் நுனி யார் கையிலும் இல்லை. டவரின் இரும்புக் காலில் கட்டியிருந்தது.

சூப்பர்வைசர் விக்டரிடம் கேட்டேன். அவர் சங்கடமாகச் சிரித்தார். "இந்தக் காத்துக்கு இது இல்லாம ஏற மாட்டேன்னுட்டாரு. பிடிக்க ஆள் தாரேன்னேன், அதுவும் வேண்டாம்னாரு. அவரே கட்டிட்டு ஏறிட்டாரு."

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. பெண்டாட்டி பிள்ளை இல்லாத அநாதையா இந்த மனுஷன், தன் கயிற்றை இரும்பில் கட்டிவிட்டுப் போக? விக்டர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல முடிச்சை அவிழ்த்து, நுனியைக் கையில் சுற்றிக்கொண்டேன்.

கொஞ்சநேரம் ஒன்றும் இல்லை. பிறகு கயிறு என் கையை வெடுக்கென்று இழுத்தது. லேசான சுண்டு இல்லை, அழுத்தமான ஒரே இழுப்பு. இரண்டு கையும் தானாகக் கயிற்றைப் பற்றின, கால் மணலில் ஊன்றியது, உடம்பு பின்னால் சாய ஆரம்பித்துவிட்டது. இழு, இழு என்று எலும்பெல்லாம் சொல்கிறது. மாதாவே, அவரைக் கீழே இழுக்கப் பார்க்கிறேனே என்று உறைத்தது. விரல்களை ஒவ்வொன்றாக விரித்தேன். கயிறு உள்ளங்கையில் உரசிக்கொண்டு தளர்ந்தது. நிமிர்ந்து பார்த்தால் அவர் பாட்டுக்கு வேலையாக இருக்கிறார், இழுத்தது கச்சான் காற்று. மாப்பிள்ளையூரணியில் அமலன் கை என்ன செய்தது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவன் மேல் ஒரு தப்பும் இல்லை.

லேசாக ஒரு சுண்டு சுண்டினேன். மேலே அந்த மஞ்சள் தொப்பி சட்டென்று குனிந்தது. இரும்பில் கட்டிய கயிறு சுண்டாதே. என் பச்சைச் சேலை அங்கிருந்து தெரிந்திருக்க வேண்டும். அவர் அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பதிலுக்குச் சுண்டவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார் என்று கீழே இருந்தே எனக்குத் தெரிந்தது.

அந்த நேரத்தில் விக்டர் கீழே இருந்த பெட்டியில் ஏதோ செய்தார். ஒரு நிமிஷத்தில் டெல்பினின் போன் கிணுகிணுவென்று அடித்தது. அவளுக்கு வரவேண்டிய செய்தியெல்லாம் மொத்தமாக வந்து கொட்டியது. பக்கத்தில் நின்றவளுக்கும் அப்படியே. எல்லாப் பெண்களும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள். என் போனிலும் கோடுகள் நிறைந்து நின்றன. முதல் போன் எனக்குத்தானே வரும், காத்திருந்தேன். வரவில்லை.

நானே போட்டேன். வேறொரு அழைப்பில் இருக்கிறார் என்றாள் அந்தப் பெண். அவ்வளவு உயரத்தில் நின்றுகொண்டு யாரோடு பேச்சு? மறுபடி போட்டேன், அதே பதில். எனக்கு வந்த எரிச்சலில், வந்து உன் அத்தானைக் கேள் என்று சொல்ல அமலனுக்குப் போட்டேன். அவனும் வேறொரு அழைப்பில் இருக்கிறான் என்றாள்.

போனை இறக்கிவிட்டேன். திரும்ப இவர் நம்பரைப் போட்டேன், வேறொரு அழைப்பு. அமலன் நம்பர், வேறொரு அழைப்பு. காலையிலிருந்து அந்தப் பெண்ணைத் திட்டினேனே, அவளுக்கு ஒரு கோவில் கட்டலாம் போலிருந்தது. அன்று முதல்முறையாக உட்கார்ந்தேன், சுடுமணலில். கயிற்றை மட்டும் விடவில்லை.

அவர் இறங்கவில்லை. வேலை முடிந்தது இறங்குங்கள் என்று விக்டர் கையைக் காட்டியும் இறங்கவில்லை. பெல்ட்டைக் கம்பியில் மாட்டிவிட்டு அங்கேயே சாய்ந்து நின்றார். விக்டர் தலையில் அடித்துக்கொண்டார். பெண்கள் பேசி முடித்து வீட்டுக்குப் போனார்கள். நானும் அவரும் கயிற்றின் இரண்டு முனைகளில் அப்படியே இருந்தோம்.

அமலனின் பைக் மணலில் தடுமாறிக்கொண்டு வந்தது. ஐஸ் தண்ணீரில் நனைந்த கைலியோடு இறங்கி ஓடிவந்து கையை நீட்டினான்.

"குடுக்கா, கயித்த."

நான் கொடுக்கவில்லை. யார் கூப்பிட்டது என்று சொன்னால்தான் கொடுப்பேன் என்றேன்.

"அத்தான்தான். 'ஏலே, கயிறு ஒங்க அக்கா கையில இருக்கு, சீக்கிரம் வா'ன்னாவ. அவ்வளவுதான் பேச்சு." அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அதுக்கப்புறம் ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல. போன வைக்கவும் இல்ல. காத்து எரச்சல்தான் கேட்டுக்கிட்டு இருந்துச்சு."

கயிற்றைக் கொடுத்தேன். அவன் அதைத் தன் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, மேலே பார்க்காமலே லேசாக ஒரு சுண்டு சுண்டினான். உடனே மேலேயிருந்து ஒரு சுண்டு வந்தது. கயிறு அவன் கையில் துள்ளியதை என் கண்ணால் பார்த்தேன்.

அப்போது என் போன் அடித்தது.

"விஜிலா, கேக்குதா?"

பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு வந்தது அத்தனையும் வாய்வரை வந்தது. அமலனின் உள்ளங்கையில் அந்தப் பழைய தழும்பின் மேல் கயிறு கிடந்தது.

"கேக்குது" என்றேன். "எறங்குங்க. கயிறு தம்பி கையில."